படகு தன் தவணையைத் தானே கட்டுமா?

"போட்ட எடு மச்சான், டூரிஸ்ட் கட்டுவான்."

ஒக்டோபர் பிறந்து தென்மேற்குக் காற்று தணியத் தொடங்கியதும் கற்பிட்டித் தேநீர்க் கடைகளுக்கு இந்த வாக்கியம் வந்துவிடும். கண்டக்குழி, குடாவ, ஆலங்குடா, தலவில என்று எங்கே போனாலும் சொல்கிற வாய்தான் வேறு, சொல் ஒன்றேதான். லீசிங் கம்பனிக்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் மணலில் புதைந்து நிற்பதும் அதே மாதத்தில்தான். உல்லாசப் பயணிகளைத் தூண்டில் போடக் கூட்டிப்போவதற்கென்று கடனில் படகு எடுப்பது புத்திசாலித்தனம் என்று இந்தக் கரையில் அநேகமாக எல்லோரும் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. ஏன் என்பதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பைச் சொத்தியாகக் காட்டிவிட்டு அடிப்பதில் வீரமில்லை. அவர்கள் சொல்வது இதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் மேற்குக் கடல் காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். டொல்பின் பார்க்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மறுநாள் "மீன் பிடிக்கலாமா" என்று கேட்கிறார்கள். அறக்குளா, பாரை, சீலா, சூரை எல்லாம் எங்கே கிடக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறர் படகில் ஓட்டியாகப் போனால் கூலிதான் மிச்சம். படகு சொந்தமென்றால் மீதியும் கைக்கு வரும். கையில் காசில்லை, ஆகவே லீசிங். நான்கு வருடத்தில் படகு சொந்தம். சீசன் இல்லாத மாதங்களில் அதே படகில் வலை ஏற்றலாம். ரூபாவின் பெறுமதி விழ விழப் படகின் விலை ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கடன் வாங்கிப் படகு எடுக்காவிட்டால் கொழும்புக்காரனும் நீர்கொழும்புக்காரனும் ரொக்கத்தோடு வந்து எங்கள் கரையை எடுத்துக்கொள்வார்கள்.

கடைசிக் காரணம் என்னையும் ஒரு காலத்தில் மடக்கியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1. தவணைக்குப் பன்னிரண்டு மாதம், கடலுக்கு எத்தனை?

ஆறு. அதுவும் தாராளமாகக் கணக்கிட்டால். மே மாதம் தென்மேற்குச் சோளகம் எழும்பினால் மேற்குக் கடலில் உல்லாசத்துக்கு இறங்குகிறவன் இல்லை. அப்போது வருகிற வெள்ளைக்காரர்கள் களப்பில் பட்டம் கட்டிப் பலகையில் ஓடுகிறவர்கள். அவர்களுக்குக் காற்றுத்தான் வேண்டும், படகு வேண்டாம். செப்டம்பர் முடியும்வரை படகு கிடுகுக் கொட்டிலுக்குள் கிடக்கும், எஞ்சின் அரிசிச் சாக்கால் போர்த்திக் கிடக்கும். தவணைத் திகதிக்குச் சோளகமும் தெரியாது, வாடையும் தெரியாது.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். என் எண்கள் பிடிக்காவிட்டால் உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். 23 அடி பைபர் படகு, 40 குதிரைவலு எஞ்சின், மேல் விரிப்பு, உயிர்காப்பு அங்கிகள், நல்ல தூண்டில் சாமான்கள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 25 இலட்சம் என்று வையுங்கள். முற்பணம் 5 இலட்சம். மீதி 20 இலட்சம் நான்கு வருடத்துக்கு, நூற்றுக்கு 14 வட்டியில். மாதத் தவணை 65,000 ரூபா. வருடத்துக்கு 7 இலட்சத்து 80 ஆயிரம்.

இப்போது வரவு. அரை நாள் தூண்டில் பயணத்துக்கு 30,000 வாங்குகிறீர்கள். ஆளைப் பிடித்துத் தந்த ஹோட்டலுக்கோ முகவருக்கோ நாலில் ஒன்று, 7,500. எண்ணெய் 35 லீட்டர், லீட்டர் 300 என்றால் 10,500. உதவியாளுக்கு 3,000. இரை, ஐஸ், அறுந்துபோகிற தங்கூசி, தொலைந்துபோகிற தூண்டில் எல்லாவற்றுக்கும் 1,500. கையில் நிற்பது 7,500. தவணையை மட்டும் கட்ட 104 பயணம் வேண்டும். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் 30 வரை 181 நாட்கள்.

அந்த 181 நாளில் நவம்பரின் இடியும் மழையும் அடங்கும். கடல் அமைதியாக இருந்தும் ஆள் வராத நாட்கள் அடங்கும். டொல்பின் பார்த்துவிட்டு மறுநாளே வில்பத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். எங்கள் ஊர்களில் வெள்ளி ஜும்ஆவுக்கு உதவியாள் வரமாட்டான், பக்கத்து ஊரில் ஞாயிறு பூசைக்கு வரமாட்டான். கொழும்பிலிருந்து வருகிறவனோ சனி ஞாயிறில்தான் வருவான். அறுபது பயணம் போனவரை நான் கெட்டிக்காரர் என்பேன். அவருக்கு வருடக் கடைசியில் 3 இலட்சத்து 30 ஆயிரம் துண்டு விழும். அவர் வீட்டில் அந்த வருடம் யாரும் சோறு சாப்பிடவில்லை என்றும், எஞ்சின் ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை என்றும், காப்புறுதிக் கட்டணமே இல்லை என்றும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

2. நூற்றுக்குப் பதினான்கா? எந்த நூற்றுக்கு?

"வட்டி இப்ப குறைஞ்சிட்டு" என்பது அண்மைக் காலத்துப் பேச்சு. மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 மே மாதத்தில் 7.75 வீதத்துக்கு இறங்கியது உண்மை. 2022 ஏப்ரலில் அதே மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளை ஏற்றியதை நினைத்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டக்குழிக் கரைக்கு வருகிற வட்டி மத்திய வங்கியிலிருந்து நேரே வருவதில்லை. வழியில் பல கைகள் மாறித்தான் வருகிறது.

மேலே போட்ட கணக்கையே எடுங்கள். 20 இலட்சத்துக்கு நூற்றுக்கு 14 என்றால் வருடம் 2 இலட்சத்து 80 ஆயிரம், நான்கு வருடத்துக்கு 11 இலட்சத்து 20 ஆயிரம். அதை முதலோடு கூட்டி 48 ஆல் பிரித்தால் 65,000. இதில் என்ன பிழை? நான்காம் வருடம் பிறக்கும்போது முதல் தொகையில் 15 இலட்சத்தை நீங்கள் திருப்பிக் கொடுத்தாயிற்று. உங்கள் கையில் அவர்களுடைய பணம் 5 இலட்சம்தான். ஆனால் அந்த வருடமும் 20 இலட்சத்துக்கு வட்டி கட்டுகிறீர்கள். குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி என்று பார்த்தால் இது வருடத்துக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 24. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருப்பது 14, உங்கள் பையிலிருந்து போவது 24. மீன் ஏலத்தில் தராசு அரைக் கிலோ பிசகினால் சண்டைக்குப் போகிற எங்கள் ஆட்கள் இந்தத் தராசைத் தூக்கிப் பார்த்ததே இல்லை.

"நாங்க வட்டிக்கு எடுக்கிறல்ல, இஜாரா" என்று, வட்டிக்குப் பதில் வாடகை கட்டுகிற இஸ்லாமிய முறையைச் சிலர் சொல்வார்கள். மார்க்கத் தீர்ப்பு எனக்குரியதல்ல, ஆலிம்களிடம் கேளுங்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஆள் வராத மாதத்தில் அந்த வாடகை குறைகிறதா? குறையவில்லை என்றால் ஓட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

3. டூரிஸ்ட் கட்டுவான்: எந்த டூரிஸ்ட், எந்த வருடத்து டூரிஸ்ட்?

2018 நவம்பரில் நான்கு வருட லீசிங்கில் ஒரு படகு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனையல்ல, எடுத்தவர் என் தங்கையின் கணவர், பிணைக்குக் கையெழுத்து வைத்தவன் நான். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாக் கம்பனியின் படிவமும் ஒன்றேதான்.

எடுத்த வருடம் பொன்னான வருடம். 2018இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். அதற்கு முன் அத்தனை பேர் வந்ததே இல்லை. மச்சான் முதல் ஐந்து தவணையையும் திகதிக்கு முன்னாலேயே கட்டினார். கையில் கறுப்புக் கண்ணாடி, வாயில் நாலு சொல் ஜெர்மன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை அவர் படகில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். கரைக்கு வந்தபோது அவர்களின் தொலைபேசிகள் நிற்காமல் அடித்தன, குண்டுவெடிப்புச் செய்தி. மறுநாள் அறைகள் காலி. அதற்குப் பிறகு முஸ்லிம்களாகிய எங்களைப் பார்த்த பார்வைகளைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அந்த வருடம் வந்தோர் தொகை 19 இலட்சத்து 13 ஆயிரமாக இறங்கியது. சரி, எழும்பிவிடும் என்றோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு, விமான நிலையம் பூட்டு. 2020இல் 5 இலட்சத்து 7 ஆயிரம், அதுவும் அநேகமாக முதல் மூன்று மாதத்தில் வந்தவர்கள். 2021இல் 1 இலட்சத்து 94 ஆயிரம். 2022இல் ஆள் திரும்பி வரத் தொடங்கியபோது எண்ணெய் இல்லை. பெப்ரவரியிலிருந்து பிளாஸ்டிக் கானோடு வரிசை, ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவிப்பு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. 2018 நவம்பரில் தொடங்கிய 48 தவணை 2022 ஒக்டோபரில் முடிகிறது. அந்த 48 மாதத்தில் நிம்மதியான சீசன் என்று முழுதாக ஒன்றைக்கூட எண்ண முடியாது.

"அது விதிவிலக்கான காலம்" என்கிறார்கள். குண்டு விதிவிலக்கு, கொரோனா விதிவிலக்கு, டொலர் தட்டுப்பாடு விதிவிலக்கு. 2023இல் 14 இலட்சத்து 87 ஆயிரம், 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் என்று எழும்பி வந்து மூச்சுவிட்டபோது, 2025 நவம்பர் கடைசியில், சீசனின் வாசற்படியில், டித்வா புயல் வந்து எங்கள் மாவட்டத்தையே வெள்ளத்தில் போட்டது. அதுவும் விதிவிலக்குத்தான். ஏழு வருடத்தில் நாலு விதிவிலக்கு வந்தால் அதை விதி என்று எழுதிக் கணக்குப் போடுகிறவன்தான் வியாபாரி. மீனுக்குக் கடல் மட்டும் அமைந்தால் போதும். உல்லாசப் பயணிக்குக் கடல், விமானம், அவன் நாட்டுத் தூதரகத்தின் எச்சரிக்கை, எங்கள் பெற்றோல் நிலையம் நாலும் ஒரே நாளில் அமைய வேண்டும்.

தவணை நிறுத்திவைப்புக் கிடைத்ததே என்றால், கிடைத்தது. நிறுத்திவைப்பு மன்னிப்பு அல்ல. நிறுத்திவைத்த மாதங்களின் வட்டி அடுப்படிப் பானையில் எறும்புபோலச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. 2021இல் ஒரு விடியற்காலை நாலு பேர் வந்தார்கள். முதலில் எஞ்சினைக் கழற்றினார்கள். நாற்பது குதிரை எஞ்சினை இரண்டு பேர் கம்பில் மாட்டித் தூக்கிப் போனதை மச்சான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. எஞ்சின் இறுகியிருந்த இடத்தில் பலகையில் இரண்டு பள்ளம் மட்டும். அது ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதை எங்களுக்குக் கடிதத்தில்தான் சொன்னார்கள். மீதி நிலுவையைப் பதினொரு மாதம் கட்டியவன் நான்.

ஆகவே "டூரிஸ்ட் கட்டுவான்" என்கிற வாக்கியத்தில் எழுவாயைத் திருத்த வேண்டும்.

4. "சீசன் இல்லாட்டி வலை போடலாம்தானே?"

இப்படிச் சொல்கிறவர் ஒன்று வலை போட்டதில்லை, அல்லது உல்லாசப் பயணியை ஏற்றியதில்லை. வலைப் படகுக்கு நடுவில் வெறுமை வேண்டும். வலை குவிய, மீன் குவிய, கால் வைக்க. உல்லாசப் படகின் நடுவில் இருக்கை, மேலே விரிப்பு, பக்கத்தில் தூண்டில் சொருகுகிற குழாய்கள். அதையெல்லாம் கழற்றி வலை ஏற்றினால் ஒரு மாதத்தில் படகு மணக்கும், நாங்கள் மணம் என்று சொல்வதை அவர்கள் நாற்றம் என்பார்கள். நவம்பரில் மறுபடி தேய்த்து, வர்ணம் பூசி, இருக்கை பூட்டி நிறுத்துகிற செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தவிர, மே மாதத்து மேற்குக் கடல் வலைக்காரனையும் விடுவதில்லை. அந்த மாதங்களில் எங்கள் கரையோர ஆட்கள் பலர் கிழக்கே முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் வாடி போடப் போவது எதற்கு? உடப்பு ஆட்களைக் கேளுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரு முறை விரித்து வாசியுங்கள். மீன்பிடிப் படகென்று காப்புறுதி செய்துவிட்டு ஆறு வெளிநாட்டாரை ஏற்றிக்கொண்டு போகிறவர், விபத்து நடந்தால் எந்த வாசகத்தைக் காட்டிப் பணம் கேட்கப் போகிறார்?

இதைவிடப் பெரிய பிழை, உல்லாசத் தூண்டிலை மீன்பிடி என்று நினைப்பது. நான் ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்தவன். பவளப் பார் தாண்டி ஆழம் தொடங்குகிற இடத்தில் ஒரு இத்தாலியன் முக்கால் மணி நேரம் போராடி ஒரு பாரையை ஏற்றினான். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வெள்ளி மினுக்கம், கண் ஒரு ஐந்து ரூபாக் குற்றி அளவு. மடியில் வைத்துப் படம் எடுத்தான், தலையைத் தடவினான், பிறகு இரண்டு கையாலும் தண்ணீரில் பிடித்து, வாலை அசைத்து மூச்சு வரவைத்து, விட்டுவிட்டான். நல்ல காரியம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஓட்டியின் முகத்தை நான் பார்த்தேன். அவன் மீனைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, பன்னிரண்டை அன்றைய கிலோ விலையால் பெருக்கிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அவனுக்குத் தவணைத் திகதி. வலைக்காரனுக்கு ஆள் வராவிட்டாலும் மீன் மிஞ்சும். இவனுக்கு மீன் வந்தாலும் மிஞ்சாது.

அந்தப் பாரும் நிலையானதல்ல. 1992இல் சரணாலயமாக அறிவித்த 306 சதுர கிலோமீற்றர் பார், 1998இல் கடல் சூடேறி வெளுத்தது. மெல்லத் தேறி வந்தது, 2016இல் மறுபடி வெளுத்தது. பவளம் செத்த இடத்தில் சிறு மீன் இல்லை, சிறு மீன் இல்லாத இடத்துக்குப் பாரை வராது. நான்கு வருடத் தவணை எழுதும்போது கடலும் நான்கு வருடம் அப்படியே இருக்கும் என்று கையெழுத்து வைக்கிறோம்.

5. "விலை ஏறும், நட்டமில்லை."

ஏறியது, ஒத்துக்கொள்கிறேன். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8. பழைய நிலையான வட்டியில் கடன் வைத்திருந்து, கையில் வருமானமும் இருந்தவனுக்கு அந்த வருடம் கடன் பாதிக்குக் கிட்டக் கரைந்தது போலத்தான். அப்படி ஓரிருவர் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் உரத்துப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். எஞ்சின் போனவன் கடைக்கு வருவதில்லை.

ஆனால் படகின் விலை ஏறியது யாருக்கு? 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி, லீசிங்கில் எடுத்த பொருளின் சொந்தக்காரர் கம்பனி. ஏறிய விலைக்கு விற்று வெளியேற வேண்டுமென்றால் முதலில் மொத்த நிலுவையையும் கட்டித் தீர்க்க வேண்டும். அந்தப் பணம் இருந்தால் நீங்கள் ஏன் விற்கப் போகிறீர்கள்? விற்க வேண்டி வருகிற மாதமும் எல்லோருக்கும் ஒரே மாதம். எனக்கு ஆள் வராத மேயில் உங்களுக்கும் வராது. கரை முழுக்க விற்க நிற்கும்போது வாங்க வருகிறவன் சொல்வதுதான் விலை.

6. "நாம எடுக்காட்டி வெளியாள் எடுப்பான்."

இதுதான் கனமான வாதம். கோபத்தில் பிறக்கிற வாதம், கோபத்தில் நியாயமும் உண்டு. கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாச விடுதிகளாக்கப் போகிறோம் என்று பதினைந்து வருடத்துக்கு முன்னால் வரைபடம் விரித்தபோது, எங்கள் ஆட்களுக்கு அதில் எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. வேலி வந்தது, வழக்கு வந்தது, பெரிய விடுதிகள் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றன. அதைப் பார்த்த தலைமுறை, கரையில் ஒரு பிடி நமக்கும் வேண்டும் என்று நினைப்பதில் பிழையில்லை. நான் 2018இல் பேனையைத் திறந்தது அதை நம்பித்தான்.

ஆனால் தவணையில் எடுத்த படகு யாருடைய பிடி? மச்சானின் படகு ஏலத்தில் போனது ஒரு வெளியாளுக்குத்தான். ரொக்கக்காரன் கரைக்கு நேராக வந்து வாங்கினால் முழு விலை கொடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முற்பணம் போட்டு, இரண்டு வருடம் தவணை கட்டி, பிறகு ஏலத்தில் இழந்தால், அவனுக்கு அரை விலைக்குக் கிடைக்கிறது. வெளியாளைத் தடுக்க என்று எடுத்த கடன் வெளியாளுக்குக் கழிவு வாங்கிக் கொடுக்கிறது.

அரசாங்கம் கொடுத்தாலும் கதை பெரிதாக மாறவில்லை. 1950களின் கடைசியில் மூன்றரைத் தொன் படகுகளைத் தவணைக் கொள்முதலில் மீனவருக்குக் கொடுத்தார்கள். படகு ஓடியது, மீன் வந்தது, தவணைதான் திரும்பி வரவில்லை. மீனவர் சோம்பேறி என்று அன்றைக்கு எழுதினார்கள். மாத அளவில் வராத வருமானத்துக்கு மாத அளவில் தவணை வைத்தவரை யாரும் ஒன்றும் எழுதவில்லை.

இந்தக் கரையில் கடலின் நட்டத்தைத் தாங்க ஏற்கெனவே ஒரு முறை இருந்தது, இன்னும் இருக்கிறது. பங்கு. எண்ணெய்க் காசைக் கழித்துவிட்டு வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அளவு ஊருக்கு ஊர் மாறும், அடிப்படை மாறாது: மீன் இல்லாத நாளில் படகுக்காரனுக்கும் இல்லை. உடப்பில் கரைவலைப் பாடுகளில் இன்றும் முறை வைத்துத்தான் வலை இறங்குகிறது. முறை வந்தவனுக்கு அன்றைய கடல். முற்பணம் கொடுக்கிற சம்மாட்டிமார் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. முற்பணம் கொடுத்தவன் மீன் விலையில் கழுத்தை அறுத்த கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் அவனும் மீன் வரும்வரை காத்திருந்தான், வேறு வழியில்லாமல். லீசிங் கம்பனி ஒன்றுதான் வெறுங்கையோடு கரையேறுகிற நாளிலும் முதல் ஆளாகத் தன் பங்கை எடுத்துக்கொண்டு போகிற கூட்டாளி.

இடையில் ஒரு வார்த்தை, பொழுதுபோக்குக்காகவே படகு எடுக்க நினைக்கிற கனவான்களுக்கு. குவைத்திலிருந்து வந்தவர், கொழும்பில் வக்கீல், நல்ல தூண்டில் பிரியர். உங்களுக்கு இத்தனை கணக்குத் தேவையில்லை. வருடத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள் என்று விரலில் எண்ணுங்கள். அநேகமாக இரண்டு கை விரல் போதும். அந்த நாட்களுக்கு இங்கே ஒரு படகைக் கூலிக்குப் பிடியுங்கள். மீதி நாட்களுக்குப் படகைப் பார்க்கிற ஆளுக்குச் சம்பளமும் கம்பனிக்கு வட்டியும் கட்டுவதை ஆசை என்று சொல்லலாம், முதலீடு என்று மனைவியிடம் சொல்லாதீர்கள்.

போன ஒக்டோபரில் மச்சானின் மூத்த மகன் வந்தான். கையில் படிவம். பிணையாளர் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கிடைத்துவிட்டார்.

"வாப்பாட காலம் வேற மாமா," என்றான். "இப்ப ஆள் வருது."

நான் மேலே எழுதியதை எல்லாம் அவனிடம் சொன்னேன், இதைவிடச் சத்தமாக. கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்ப நான் ஆயுசுக்கும் மத்தவன்ட போட்லதான் போறதா? என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றான்.

நியாயமான கேள்வி. குடாவவில் ஒரு பழைய பைபர் உடல் விலைக்குக் கிடக்கிறது, அணியத்தில் ஒரு வெடிப்பு, ஒட்டினால் பத்து வருடம் ஓடும். புதிய உடலின் விலையில் மூன்றில் ஒன்றுகூட வராது. அவனும் சீசனில் அவனோடு ஓடுகிற மூன்று பொடியன்களும் சேர்ந்தால் அதைக் கைக்காசுக்கு எடுக்கலாம். எஞ்சினுக்கு மட்டும் கடன், ஒரு சீசனில் அடைகிற அளவுக்கு. நாலு பேரும் முறை வைத்து ஓடுவது, ஆள் வராத மாதம் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. தாளில் போட்டுக் காட்டினேன். பென்சிலை வாங்கி அவனே ஒரு தடவை கூட்டிப் பார்த்தான்.

"நாலு பேருக்கும் சேர்த்துக் காசு காணாது மாமா."

"எவ்வளவு குறையுது?"

சொன்னான்.

படிவத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன். கையெழுத்து வைக்கமாட்டேன், ஐந்தாவது பங்காளியாக என்னைச் சேர்ப்பாயா என்று கேட்டேன். மற்ற மூன்று பேரையும் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.